ப்ரீ அவுட்

எனக்குத் தவில் பைத்தியம் உண்டு. முதல் சம்பளத்தில் வாங்கிய இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள் எங்கள் சிஞ்ச்வட் ஃப்ளாட்டின் கூடத்தில் நிற்கின்றன. ஆனால் பாட்டுப் போடும் பழைய ரிசீவருக்கு அவற்றை ஓட்டத் தெம்பில்லை. சத்தத்தைக் கூட்டினால் தவில் தகர டப்பா ஆகிவிடும். அதனால்தான் கோர்படியிலிருந்து மாற்றலாகிப் போன ஒரு ராணுவக்காரரிடம் சத்தத்தைப் பெருக்கும் தனி பவர் ஆம்ப் ஒன்றை வாங்கித் தூக்கி வந்தேன். அம்மிக்கல் கனம்.

அதைப் பார்த்ததும் கணவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நடக்கவே இடமில்ல. சாயங்காலம் பழைய இரும்பு எடுக்கற பங்கார்வாலா வருவான். அதுக்குள்ள இது பாடலேன்னா அவன் வண்டியில ஏத்திடுவேன்!"

இடத்தை அடைத்திருந்தது என்னவோ அவருடைய உடற்பயிற்சி சைக்கிள். வாங்கிய நாளிலிருந்து ஈரத் துண்டுகள்தான் அதில் சவாரி செய்கின்றன. அதைச் சொல்ல முடியுமா? முதலில் இது பாட வேண்டுமே!

கோயம்புத்தூரில் இருக்கும் தம்பிக்கு இதெல்லாம் அத்துப்படி. கேட்டதும் வாட்ஸப்பில் பதில் வந்தது: "ஸ்பீக்கர் ஒயரை ஆம்புக்கு மாத்துக்கா. ரிசீவரோட ப்ரீ அவுட்ல இருந்து ஆம்புக்குக் கேபிள் குடு."

ஸ்பீக்கர் ஒயர்களை ஆம்புக்கு மாற்றிவிட்டு, ரிசீவரின் முதுகில் டார்ச் அடித்தேன். 'அவுட்' என்று எழுதிய ஓட்டைகள் வரிசையாக இருந்தன. ஃப்ரீயாக, காலியாகக் கிடந்த ஒரு ஜோடியில் கேபிளைச் செருகித் தவிலைப் போட்டேன்.

ஐயோ! இடியே விழுந்தது. ரிசீவரில் வால்யூமைத் திருகுகிறேன், குறையவே இல்லை. ஆம்பிலோ வால்யூம் குமிழே கிடையாது. ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். எதிர்வீட்டு அம்மாள் கதவைத் தட்டி, என்ன ஆச்சு என்று மராத்தியில் பதறினார்: "காய் ஜாலா?" ஒன்றுமில்லை என்று பல்லிளித்தேன்.

"பாடிடுச்சு போல," என்றார் கணவர், கையைக் கட்டிக்கொண்டு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தம்பியைப் போனில் பிடித்துக் கத்தினேன்.

"எதுலக்கா சொருகுன?"

"நீ சொன்னபடி ஃப்ரீயா இருந்த அவுட்லதான்!"

சிரித்தான் பாருங்கள், அப்படியொரு சிரிப்பு. "காலியா இருக்கற ஃப்ரீ இல்லக்கா. பி, ஆர், ஈ, ப்ரீ! அதுல வர்ற சத்தந்தான் வால்யூமுக்குக் கட்டுப்படும்."

"அதை இங்கிலீஷ்ல எழுதித் தொலைக்கறதுக்கென்னடா?"

"நீதானக்கா தமிழ்ல எழுது, தமிழ்ல எழுதுன்னு உசுர வாங்குவ!"

அந்த மூன்று எழுத்தைத் தேடிப் பிடித்துக் கேபிளை மாற்றினேன். வால்யூமை அடியோடு குறைத்து, சுவிட்சைப் போட்டு, மெல்ல மெல்லக் கூட்டினேன். வந்தது தவில்! ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து விழுந்தது. இன்னும் கூட்டினேன்; டப்பா சத்தம் துளியும் இல்லை. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கீழே பங்கார்வாலாவின் குரல் கேட்டது. கணவர் பால்கனிக்குப் போய், "பையா, ஊப்பர் ஆவோ!" என்று அவனை மேலே கூப்பிட்டார். நான் ஆம்புக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

அவர் என்னைத் தாண்டிப் போனார். சைக்கிளில் கிடந்த துண்டுகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இதை எடுத்துட்டுப் போகட்டும். ஆம்பை அந்த மூலையில வெச்சுக்கோ," என்றார். "அந்தத் தனி ஆவர்த்தனத்தை மொதல்லேருந்து போடு."