பெருங்குடலும் ஒரு பொய்யும்

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், கீழ்க்கட்டளையிலிருந்து மறைமலை நகர் வரை எந்தெந்த இடத்தில் கக்கூஸ் உண்டு என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். என் பெருங்குடல் முழுக்கப் புண். ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை, ரத்தமும் சளியுமாக. கம்பெனி பஸ்ஸை நடுவழியில் நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடுகிறவனுக்கு மானம் என்ன, மரியாதை என்ன? ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் ஊதியதுதான் மிச்சம். குடலை எடுத்துவிட்டு வயிற்றில் பை மாட்ட வேண்டிவரும் என்றார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. செத்துவிடலாம் என்று நினைத்தேன். அதைச் சொல்ல வெட்கமில்லை.

கடைசியாக ஒரு வழி இருப்பதாக டாக்டர் சொன்னார். பயாலஜிக்கல் என்று புது வகை மருந்து, டிரிப்ஸில் ஏற்றுவார்கள். ஆனால் பழைய டி.பி. உடம்பில் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிவிடும். எக்ஸ்ரேயிலும் தோலில் போட்ட சோதனை ஊசியிலும் ஒன்றும் தெரியவில்லை. ஸ்டீராய்டு சாப்பிடுகிறவனுக்கு அந்த ஊசியை முழுதாக நம்ப முடியாது என்பதால் நேரடியாகவும் கேட்டார்.

"சின்ன வயசுல டி.பி. ஏதாவது வந்துதா?"

பன்னிரண்டு வயதில் வந்தது. கழுத்தில் கட்டி, அது கரைந்ததும் மாத்திரையைப் பாதியிலேயே விட்டுவிட்டோம். எனக்குப் பெண் பார்க்கும்போது இதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று வீட்டில் முடிவு. டி.பி. வந்தவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? இப்போது பக்கத்து நாற்காலியில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"இல்ல சார்," என்றேன்.

மருந்து வேலை செய்தது. மூன்றாவது டிரிப்ஸுக்குள் ரத்தம் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் மார்க்கெட்டில் அவளோடு இரண்டு மணி நேரம் சுற்றினேன். ஒரு தடவைகூடக் கக்கூஸைத் தேடவில்லை. ஓட்டலில் மசால் தோசை சாப்பிடும்போது அழுகை வந்துவிட்டது.

நான்காவது டிரிப்ஸுக்கு முன்பே சாயங்காலக் காய்ச்சல் ஆரம்பித்தது. எடை மளமளவென்று இறங்கியது. டி.பி. நுரையீரலிலும் வயிற்றிலும் பரவியிருந்தது. டாக்டர் மறுபடி அதே கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை மனைவி பக்கத்தில் இருக்கும்போதே உண்மையைச் சொன்னேன். முன்பே தெரிந்திருந்தால் முதலில் அதற்கு மாத்திரை கொடுத்திருப்பேன், இனி இந்த மருந்தை நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றார்.

நிறுத்தியதும் ரத்தம் திரும்பி வந்தது. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்ட அன்று மனைவி கேட்டாள்.

"நான் பக்கத்துல இருந்ததாலதானே இல்லன்னு சொன்னீங்க? எங்க அப்பாவுக்கும் டி.பி. வந்துது. உங்க வீட்டுல சொல்லிடாதன்னு எங்கம்மா சத்தியம் வாங்கிட்டாங்க."

எனக்கு அழக்கூடத் தோன்றவில்லை. ஆபரேஷனுக்கு உள்ளே கூப்பிட்டார்கள், போனேன்.