மகள் மாதிரி

நியூ ஜெர்சியில் சித்தப்பா வீட்டுக்கு நான் போனபோது ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். அவர் அப்பாவுக்குத் தூரத்துத் தம்பி முறை. விசாவுக்குத் தங்கள் மகள் என்று எழுதிக் கொடுத்துத்தான் என்னைக் கூட்டிப்போனார்கள். அங்கே பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாக அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். போன பிறகு, தங்கள் கைக்குழந்தை நடக்கட்டும் என்றார்கள். குழந்தை நடந்தது, ஓடவும் ஓடியது. சித்தி வேலைக்குப் போனதும் நான் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே மஞ்சள் பள்ளிக்கூட பஸ்ஸைப் பார்ப்பேன்.

பக்கத்து வீட்டில் ஓர் இத்தாலிக்கார அம்மாள் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் ஊர்ச் சிரிப்புப் படம் ஒன்றைக் கேசட்டில் கொண்டுவந்தாள். படம் இத்தாலியில் பேச, அவள் அதை இங்கிலீஷில் சொன்னாள். சித்தப்பாவுக்கு அதை எங்கள் ஊர்க் கட்சிக்காரர் குரலில் தமிழில் சொல்வதில் ஒரு குஷி.

"ஏழைங்கதான் என் தெய்வம்னு அடிச்சு விடறான் பாரு, அப்படியே நம்ம ஆளு!"

படத்தில் அப்படிப் பேசுகிறவர் ஒரு மேயர். அவர் வீட்டில் வேலைக்கு ஒரு சின்னப் பெண். விருந்து நடக்கும்போது, சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கிறார்களா என்று பார்க்க ஓர் அதிகாரி வந்துவிடுகிறார். மேயர் சட்டென்று அவள் கட்டியிருந்த ஏப்ரனை உருவி, விருந்தாளிகளோடு மேசை முன்னால் உட்கார வைத்தார்.

"எங்க பொண்ணு சார், எங்க பொண்ணு!" என்று மேயருக்காகக் குழைந்தார் சித்தப்பா.

அதிகாரி கிளம்புகிற வழியாக இல்லை. அந்தப் பெண்ணும் விடவில்லை, தட்டை நீட்டி நீட்டி இன்னும் கேட்டாள். மேயர் பெண்டாட்டி முத்துமாலையோடு அடுப்புக்கும் மேசைக்கும் ஓடினாள்.

நான் நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சிரிக்கிறவள் இல்லை. அன்று சிரித்துவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்தாள். சமையலறை வாசலில் நான், இடுப்பில் குழந்தை, கையில் முறுக்குத் தட்டு. அவள் சிரிப்பு நின்றது. சித்தப்பாவிடம் ஏதோ கேட்டாள். எனக்குப் புரிந்தது 'ஸ்கூல்' ஒன்றுதான்.

சித்தப்பா இங்கிலீஷில் நீளமாகப் பேசினார். அதை மட்டும் தமிழில் சொல்லவில்லை. சித்தி ஓடிவந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"ஏன் கண்ணு அங்கயே நிக்கற? சோபாவுல வந்து உக்காரு. நீ எங்க பொண்ணு மாதிரிதானே?"

"மாதிரி கீதிரின்னு உளறாதே," என்றார் சித்தப்பா, முகம் மாறாமல் சிரித்துக்கொண்டே. "பொண்ணு. பேப்பர்ல அப்படித்தான் இருக்கு."

அந்தச் சோபாவில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சித்தி தன் கையால் எனக்கு முறுக்கு எடுத்துக் கொடுத்தாள். தலைவலி என்று சித்தப்பா படத்தை நிறுத்தினார். அந்த அம்மாள் என் கன்னத்தைத் தொட்டுவிட்டு, கேசட்டோடு போனாள். கதவு சாத்தியதும் சித்தி சொன்னாள்: "எழுந்திரு, பால் காய்ச்சணும்."

ஆனாலும் ஊரிலிருந்து கொண்டுவந்த நல்ல பாவாடையைத் துவைத்து மடித்து வைத்தேன். சோபாவில் உட்காரச் சொன்னவர்கள் பஸ்ஸிலும் உட்காரச் சொல்வார்கள் என்று நினைத்தேன். அந்த வாரம் சித்தி ஜன்னலுக்குத் தடித்த திரை வாங்கிப் போட்டாள். பக்கத்து வீடு மறைந்தது. பஸ்ஸும் மறைந்தது.

என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. அன்று எனக்கிருந்த வருத்தமெல்லாம் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார்களே என்பதுதான். அந்த வீட்டில் அது நிற்கவே இல்லை என்று அப்போது தெரியவில்லை.