சமாதானமான பிறகு விடைபெற்றவள்

சாவா ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரில், முதியோர் இல்லம் நடத்தும் கன்னியர் மடத்தில் சிஸ்டராக இருந்தவள் வில்மா. வாழ்நாள் முழுக்க மடத்திலேயே இருப்பதாக உறுதி தரும் இறுதி வார்த்தைப்பாட்டுக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தபோது சமையலறையில் சண்டை வந்தது. அவள் வைத்த சூப்பை மூத்தவரான சிஸ்டர் பெனிக்னா ஒரு வாய் ருசித்துவிட்டு, எல்லோர் முன்னாலும் தொட்டியில் கொட்டினார்.

ஈரக் கையைக்கூடத் துடைக்காமல் வில்மா மடத்துத் தலைவி மதர் லுத்மிலாவிடம் போனாள்.

“மதர், நான் கிளம்புறேன். இன்னைக்கே.”

“யார் மேல கோவம்? கடவுள் மேலயா, பெனிக்னா மேலயா?”

“பெனிக்னா மேலதான்.”

“அப்போ முதல்ல அவகிட்ட போய்ப் பேசு. மனசு கொதிக்கும்போது எடுக்குற முடிவை நான் கேக்க மாட்டேன். இங்க நீ சந்தோஷமா இருக்குற ஒரு நாள்ல வந்து இதையே சொல்லு, உக்காந்து கேக்குறேன்.”

வேண்டாவெறுப்பாகத்தான் போனாள். பெனிக்னா முழங்கால் வீங்கி, பல நாள் தூக்கமில்லாமல் நிற்பது அப்போதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து கனமான பானைகளை வில்மா தூக்கினாள். பெனிக்னா உட்கார்ந்தபடி திட்டினார். போகப்போகத் திட்டு கேலியானது. இருவரும் சிநேகிதிகளானார்கள். அந்த வசந்தத்தில் இருந்ததுபோல மடம் அவளுக்கு எப்போதும் இனித்ததில்லை.

ஆனாலும் கிளம்பும் எண்ணம் போகவில்லை. அப்பா இறந்து, வீடும் கைவிட்டுப் போன வருடம் இங்கே வந்தவள் அவள். அடைக்கலம் தேடினாள், கிடைத்தது. இப்போதோ, மலைப் பண்ணைகளில் தனியாகக் கிடக்கும் கிழவர்களைப் பற்றி யாராவது பேசினால்தான் அவள் மனம் துள்ளி எழுந்தது. முதியோர் இல்ல வேலையை விட்டு அங்கே அனுப்ப மடத்தில் ஆள் இல்லை.

“சந்தோஷமாத்தான் இருக்கேன் மதர். அப்பவும் போகணும்னுதான் தோணுது.”

மதர் அவளைத் தியானத்துக்கு அனுப்பினார். “கொஞ்ச நாள் இங்கயே இருக்க முடிவு பண்ணிட்டதா நெனச்சு ஜெபி. அப்புறம் போக முடிவு பண்ணிட்டதா நெனச்சு ஜெபி. எது சுலபம்னு பாக்காத. எதுல மனசு கடவுள்கிட்ட போகுதுன்னு பாரு.”

இருப்பதாக நினைத்தபோது பாதுகாப்பாக இருந்தது, ஜெபம்தான் வறண்டது. போவதாக நினைத்தபோது வேலை, வாடகை, ஊர்ப்பேச்சு என்று பயம் வந்தது. ஜெபம் மட்டும் தானாக ஓடியது.

கேட்டுவிட்டு மதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இப்போதைக்குக் கொடுத்திருக்குற தற்காலிக வாக்கோட காலம் முடியிற வரைக்கும் இரு. அதுக்கப்புறம் நீ ஓடிப் போகல. நாங்க அனுப்பி வைக்கிறோம்.”

பெனிக்னாதான் பொரிந்து தள்ளினார். “இப்பத்தான் உப்பு அளவு பிடிபட்டுச்சு, அதுக்குள்ள கிளம்பிட்டா மகாராணி!” திட்டிக்கொண்டே தன் கம்பளிக் காலுறைகளை அவள் பைக்குள் திணித்தார்.

தாங்க முடியாமல் ஓடி வந்துவிட்டாள் என்று ஊர் பேசியது. வில்மா விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. செவிலியர் படிப்பு முடித்து, பழைய கார் ஒன்றில் மலைப் பண்ணைகளுக்குப் போக ஆரம்பித்தாள்.

காலில் ஆறாத புண் இருந்தும் யாரையும் வீட்டுக்குள் விடாத காஷ்பர் கிழவர் கதவிடுக்கில் நின்று கேட்டார்: “கன்னியாஸ்திரியா இருந்தியாமே? கடவுள் உன்னை விரட்டிட்டாரா?”

“விரட்டல தாத்தா, வேலையைத்தான் மாத்திக் குடுத்தாரு. காலைக் காட்டுங்க.”

கிழவர் சிரித்துவிட்டார். புண்ணைக் கழுவிக் கட்டுப் போடும்போது, “பைபிள்ல வர்ற சங்கீதம் எதாவது பாடத் தெரியுமா?” என்றார்.

மடத்தில் தினமும் பாடிய அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். பாடினாள். மலையிலிருந்து இறங்கும்போது, அந்த வருடங்களைத் தந்ததற்கும் இங்கே அனுப்பியதற்கும் கடவுளுக்கு வாய்விட்டு நன்றி சொல்லிக்கொண்டே காரை ஓட்டினாள்.