நாலரை மணிக்கு நிற்கும் பாட்டு

வேலுத்தாய்க்குப் போனில் பேச வராது. எதிரில் முகம் இல்லாவிட்டால் அவளுக்கு வார்த்தை எழும்பாது. கொடைக்கானலில் விடுதி வேலைக்குப் போன மகன் பிரசாந்த் வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவான். "சாப்ட்டியாய்யா?" என்று ஒன்றே ஒன்று கேட்பாள். அவன் "ம்" என்றதும் போனைப் புருசன் நல்லசாமியிடம் நீட்டிவிடுவாள். அப்பனும் மகனும் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

கொடைக்கானல் மேல்மலையில் கிளாவரையில் பிறந்து, அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, பதினெட்டு வயதில் பக்கத்து ஊர் பூண்டிக்கு வாக்கப்பட்டு வந்தவள். முப்பது வருசமாக வெள்ளைப்பூண்டுக் காட்டில் களையெடுக்கிறாள். பேச்சு கம்மி, பார்வை அதிகம். மாடு காதைத் தொங்கப் போடும் விதத்தை வைத்தே அதற்குக் காய்ச்சலா வெறும் சோம்பலா என்று சொல்லிவிடுவாள்.

போன வருசம் பொங்கலுக்கு வந்த பிரசாந்த், ஒரு சாக்கில் நாலு ஸ்பீக்கர் கொண்டுவந்தான். விடுதியில் அறைக்கு அறை பாட்டு வைத்துக் கொடுப்பதும் அவன் சோலிகளில் ஒன்று. அங்கே புதுசு மாட்டியதால் பழையதை இவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஊருக்கு இன்டர்நெட் வந்து ஆறு மாசம் ஆகியிருந்தது.

"பாட்டுக்கு ஒயரே வேண்டாம்மா. கரண்டுல சொருகுனாப் போதும், காத்துலயே வந்துரும்" என்றான்.

முன் அறையில் ஒன்று வைத்தான். பெண்கள் உட்கார்ந்து பூண்டு தரம் பிரிக்கும் வாசல் தாழ்வாரத்தில் ஒன்று. மூட்டை போடும் அறையில் வைத்தது மட்டும் விட்டுவிட்டுப் பாடியது. "கல்லுச் சுவரு சிக்னலக் குடிச்சிருது" என்று தலையைச் சொறிந்தான். அவன் அந்த அறைக்குள் நடக்க நடக்க அவன் போனில் கோடுகள் இறங்குவதையும், காற்றுக்கு விட்டிருந்த ஓட்டைப் பக்கம் போனால் ஏறுவதையும் வேலுத்தாய் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த ஓட்டையைக் கை காட்டினாள். அங்கே வைத்தான். பாட்டு தடங்கல் இல்லாமல் வந்தது.

"இன்ஜினியரம்மா!" என்று அவள் கன்னத்தைக் கிள்ளினான்.

நாலாவதை அடுப்புக்கு மேலே, விதைப்பூண்டுக் கட்டுகள் தொங்கும் பரணில் வைக்கச் சொன்னாள். விதைக்கு எடுத்த பூண்டு அடுத்த நடவு வரைக்கும் புகையில் தொங்க வேண்டும்.

"புகைல கெட்டுப்போயிரும்மா."

"பூண்டு கெடலையே."

அவன் சிரித்துக்கொண்டே ஏறி வைத்தான். சிம் இல்லாத பழைய போன் ஒன்றை முன் அறை அலமாரியில் சார்ஜரோடு வைத்து, எந்த இடத்தில் அமுக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தான்.

"இதுலயும் என் போன்லயும் பாட்டுக்கு ஒரே கணக்குதாம்மா. ஒரு நேரத்துல ஒரு எடத்துலதான் பாடும். நான் அங்க பாட்டுப் போட்டா இங்க நின்னுரும். நீ இங்க அமுக்குனா எனக்கு நின்னுரும். பதறாத என்ன?"

மறுநாள் காலையில் அவன் இன்னொன்றும் சொன்னான். மேனகா என்று ஒரு பெண். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து மலையில் குடியேறிய குடும்பம். ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டு ஒரு மாசம் ஆகிறது.

நல்லசாமி எழுந்து ஓடைக்குப் போனான். தை மாசத்துப் பனித் தண்ணீரில் தலையை முக்கி எழுந்து, சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்றான்.

"தலை முழுகிட்டேன். இனி அந்தப் பேரு இந்த வீட்டுல கேக்கக் கூடாது."

பிரசாந்த் பத்து மணி பஸ்ஸில் போனான். அப்புறம் போன் வரவில்லை. ஒருநாள் வேலுத்தாய், பக்கத்துக் காட்டு அன்னக்கொடியை அவன் எண்ணுக்கு அடிக்கச் சொன்னாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. தலை முழுகிய பேரைச் செத்தவர் பேரைவிடக் கவனமாக ஒதுக்குவார்கள். செத்தவர் பேரைத் திதிக்காவது சொல்லலாம்.

ஸ்பீக்கர்களையும் கழற்றி எறியத்தான் நல்லசாமி நினைத்தான். ஆனால் தரம் பிரிக்க ஆள் கிடைக்காத ஊரில் பாட்டுக்காகவே பெண்கள் அவன் வீட்டுக்கு வந்தார்கள். வெள்ளனே வந்து பொழுது சாயும்வரை இருந்தார்கள். எறியாமல் விட்டான்.

அந்த மாசி மாசத்தில் ஒருநாள் சாயங்காலம் நாலரைக்குப் பாட்டு நடுவில் நின்றது. நாலு ஸ்பீக்கரும் ஒரே மூச்சில் வாயை மூடின. கரண்டு இருந்தது. ஸ்பீக்கரின் சின்ன விளக்கும் எரிந்தது. அலமாரிப் போனில் பச்சையாக ஒரு வரி இங்கிலீசில் ஓடியது. வேலுத்தாய்க்கு அதைப் படிக்கத் தெரியாது. படிக்க வேண்டியதும் இல்லை; அவன் அங்கே பாட்டுப் போட்டிருக்கிறான். அவள் அடுப்படிக்குப் போய்ப் பரணைப் பார்த்தபடி நின்றாள். புகை கண்ணைக் கரித்தது. 'சாப்ட்டான்' என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நாலரை மணி அவளுடையதாகிவிட்டது. திங்கள்கிழமைகளில் காலையிலேயே நின்றால், அன்றைக்கு அவனுக்கு லீவு. ஒரு தடவை எட்டு நாள் நிற்கவே இல்லை. பாட்டு பாட்டாகப் பாடித் தீர்த்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் நின்றபோது குந்தியிருந்த இடத்திலேயே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க பொட்டிக்கு நாலரைக்குத்தான் கொட்டாவி வருமா மதினி?" என்றாள் அன்னக்கொடி. "போய் ஒரு தட்டுத் தட்டுங்க. பாட்டு இல்லாம கை ஓட மாட்டேங்குது. நாங்க ஒங்க வீட்டுக்காரரு மூஞ்சியப் பாக்கவா வாரோம்?"

பெண்கள் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் வேலுத்தாய் போய் அமுக்கினாள். பாடியது. அங்கே அவனுக்கு நின்றிருக்கும் என்று நினைக்கவே சங்கடமாக இருந்தது. அரை நிமிசத்தில் மறுபடி நின்றது. அவன் திரும்ப அமுக்கியிருக்கிறான். அவள் விரல் தானாகப் போய் இன்னொரு தடவை அமுக்கியது. அவனும் அமுக்கினான். மூன்றாம் தடவை அவள் அமுக்கியபோது பாட்டு நிற்காமல் கடைசிவரை ஓடியது. விட்டுக்கொடுத்துவிட்டான். அமுக்கியது அம்மா என்று தெரிந்துதான் விட்டானா, சலித்துப்போய் விட்டானா, அவளுக்குத் தெரியாது.

இப்படி ஒன்றரை வருசம் போனது.

இந்த ஆவணியில் விளைச்சல் ஏராளம். நாலரைக்குப் பாட்டு நின்றால் வேலையும் மந்தமாவதை நல்லசாமி பார்த்தான். கன்னிவாடியிலிருந்து மலைக்கு வந்து இன்டர்நெட் வேலை பார்க்கும் பழனிக்குமாரை வரச் சொன்னான். அவன் ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தான்.

"எப்பிடித்தான் இந்தக் குளுருல கெடக்கீங்களோ! எங்கூருல இந்நேரம் சட்டையக் கழட்டிட்டுத் திரிவோம்" என்றபடி அலமாரிப் போனை எடுத்தான். மணி நாலே முக்கால். பாட்டு நின்றிருந்தது.

"இது கோளாறே இல்லைங்கய்யா. இன்னொருத்தர் இதே கணக்குல பாட்டுக் கேக்காரு. கணக்கு யார் பேருலக்கா?"

வேலுத்தாய் நல்லசாமியைப் பார்த்தாள். வாய் வரைக்கும் வந்த பேர் அங்கேயே நின்றுவிட்டது.

பழனிக்குமார் பச்சை வரியைப் பார்த்து அவனே படித்தான். "பிரசாந்த் போன்னு போட்டிருக்கு. யாருங்கய்யா பிரசாந்த்?"

தாழ்வாரத்தில் பூண்டு விழும் சத்தம் நின்றது. பெண்கள் யாரும் தலையைத் தூக்கவில்லை.

"தாலாட்டுப் பாட்டா வரிசையா ஓடுது" என்று பழனிக்குமார் சிரித்தான். "பச்சப்பிள்ளையத் தூங்க வைக்காங்க போலக்கா. நம்ம இப்ப அமுக்குனா அங்க பிள்ள முழிச்சு ஊரைக் கூட்டிரும்."

வேலுத்தாய் அவன் கையிலிருந்த போனையே பார்த்தாள். நாலரை மணி. எட்டு நாள் நிற்காமல் பாடியது பிள்ளை பிறந்த சமயமாக இருக்கும். எல்லாவற்றையும் அவள் பார்த்திருந்தாள். இது மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. 'அமுக்காத தம்பி' என்று சொல்ல நினைத்தாள். 'இந்தக் கணக்கு இப்படியே இருக்கட்டும்' என்று சொல்ல நினைத்தாள். அத்தனை பேர் இருந்தார்கள்.

நல்லசாமி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அதை எடுத்துரு தம்பி" என்றான். "என் நம்பருல புதுசாப் போடு."

"இலவசக் கணக்குன்னா நடுவுல விளம்பரம் வரும்ங்கய்யா."

"வரட்டும்."

பத்து நிமிச வேலைதான். பழனிக்குமார் கிளம்பியதும் காபி டம்ளரை எடுக்கிற சாக்கில் வேலுத்தாய் அவன் பின்னாலேயே வேலிப் படல் வரைக்கும் போனாள்.

"தம்பி, அதைப் பழையபடி ஆக்க முடியுமா?"

"பாஸ்வேர்டு தெரியணும்க்கா. அது அவருக்குத்தான் தெரியும். ஒரு போனப் போட்டு அவருட்டயே கேட்டுருங்க."

"சரி தம்பி" என்றாள்.

அவன் வண்டி வளைவில் இறங்கும்வரை டம்ளரோடு நின்றாள். அங்கே மேனகா மடியில் பிள்ளை தூங்கியிருக்கும். இனி அவர்கள் பாட்டை இங்கிருந்து யாரும் நிறுத்த மாட்டார்கள். அதை அவன் எப்போது கவனிப்பானோ. அம்மா அமுக்குவதை விட்டுவிட்டாள் என்றுதானே நினைப்பான்.

மறுநாள் தாழ்வாரத்தில் பாட்டு மூன்று மணி, நாலு மணி என்று ஓடிக்கொண்டே இருந்தது. அன்னக்கொடி கூடச் சேர்ந்து முணுமுணுத்தாள். நாலரை தாண்டி ஒரு பாட்டு முடிந்ததும் நாலு ஸ்பீக்கரும் ஒன்றாக நின்றன. வேலுத்தாய் கையில் இருந்த பூண்டைக் கீழே வைத்தாள். தலையைத் தூக்கினாள். அவனாக இருக்காது என்று தெரியும், இருந்தும் தூக்கினாள்.

ஒரு பெண் குரல் துணிசோப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. முன் அறையிலும், மூட்டை அறையிலும், புகைக்குள் தொங்கும் விதைப்பூண்டுகளுக்கு நடுவிலும் அதே குரல் அதையே சொன்னது.

"மதினி, கூடை நெறஞ்சிருச்சு" என்றாள் அன்னக்கொடி.

வேலுத்தாய் எழுந்து கூடையை மாற்றினாள்.