இல்லேன்னா அக்கா

அலுவலக வாசல் கருவியில் அடையாள அட்டையை வைத்ததும் பச்சை விளக்கு எரிகிறது. கதவும் திறக்கிறது. அக்கா உள்ளே போகவில்லை. ஒதுங்கி நின்று, பின்னால் வந்த இரண்டு பேருக்கு வழிவிட்டு, மறுபடியும் அட்டையை வைத்துப் பார்க்கிறார். வேலை போனவர்களுக்குக் கடிதம் வருவதற்கு முன்பே அட்டை செத்துவிடும் என்று யாரோ காதில் போட்டதிலிருந்து இந்தப் பழக்கம். காவலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "போங்கம்மா, இன்னிக்கும் நீங்க இங்கதான் வேலை பாக்குறீங்க" என்கிறார்.

பெரிய கம்பெனி அது. பதினாறு வருடமாக அங்கே மென்பொருள் பொறியாளர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. மற்றபடி எல்லாருக்கும் அவர் 'இல்லேன்னா அக்கா'தான். யார் புரோகிராம் எழுதி எடுத்துக்கொண்டு வந்தாலும் அவர் வாயிலிருந்து வரும் கேள்வி அது ஒன்றுதான்.

"யூசர் இங்க பேர டைப் பண்ணுவாங்க அக்கா."

"இல்லேன்னா?"

"ம்... பழைய பேர சர்வர்லேர்ந்து எடுத்துக்கும்."

"சர்வர் பதில் சொல்லும். இல்லேன்னா?"

மூன்றாவது சுற்றுக்குள் எழுதியவருக்கு வியர்த்துவிடும். ஆனால் அக்கா பார்த்து அனுப்பிய புரோகிராம் விடுமுறை நாளில் பழுதாகி யாரையும் படுக்கையிலிருந்து எழுப்பியதில்லை.

வீட்டிலும் இதே பாட்டுதான். கணவர் கட்டட வரைபடம் போடுகிறவர். கையில் வேலை இருக்கும் மாதமும் உண்டு, இல்லாத மாதமும் உண்டு. ஆறு மணிக்கு ரயில் என்று சொன்ன கையோடு, அக்கா கேட்பதற்கு முன்பே, "இல்லேன்னா ஏழு மணிக்கு. அதுவும் இல்லேன்னா நடந்தே போயிடலாம். போதுமா தாயே?" என்று அவரே முடித்துவிடுவார். கல்லூரியில் படிக்கும் மகள், "அம்மா காணுற கனவுல கூட ரெண்டு வாசல் இருக்கும்ப்பா" என்பாள்.

இந்த முறைதான் இன்னொரு வாசல் இல்லை. ஐந்து வாரங்களுக்கு முன் அவருடைய குழுவையே கலைத்துவிட்டார்கள். ஆறு வாரத்துக்குள் கம்பெனியிலேயே வேறொரு குழுவில் நேர்காணல் கொடுத்துத் தேறவேண்டும். தேறாவிட்டால் வீட்டுக்கு. நாற்பத்தாறு வயதில் வெளியே யார் கூப்பிடுவார்கள்? முந்நூறு பேரை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்டவர், இப்போது கேட்கப்படும் பக்கத்தில். முதல் குழுவில் கை நடுங்கி, ஆரம்பப் பாடத்தில் வரும் தவறைச் செய்தார். இரண்டாவதில், "யோசிக்கிறத வாய்விட்டுச் சொல்லுங்க" என்றார்கள். வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும்போல் இருந்ததால் மூடிக்கொண்டார். இரண்டும் கைநழுவின.

அன்றிலிருந்து வாய்விட்டு யோசிக்கப் பழகுகிறார். "வெங்காயம் பின்னால, தக்காளி முன்னால. ஒவ்வொண்ணா தேடுறத விட மொத்தத்தையும் கொட்டிடலாம்" என்று குளிர்ப்பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிறார். ஒருநாள் அலுவலக லிஃப்டில், "பன்னெண்டு மாடியில ஒருத்தரத் தேடணும். நடுவுல, ஆறுல ஆரம்பிச்சா பாதி வேலை மிச்சம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். கூட நின்றவர் எந்த மாடி என்றும் பாராமல் இறங்கிக்கொண்டார்.

இன்று மூன்றாவது நேர்காணல். இதுதான் கடைசி. கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறையில், தண்ணீர் பாட்டிலை வலப்பக்கமும் இடப்பக்கமுமாக நான்கு முறை மாற்றி வைத்தார். கேள்வி கேட்கக் கணினித் திரையில் வந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். வேறு ஊர்க் கிளையில் வேலை. இருவருக்கும் தமிழ் என்று தெரிந்ததும் ஒரு சின்னச் சிரிப்பு.

"கேள்விய அனுப்புறேன் மேடம். ஏற்கெனவே பாத்த கேள்வியா இருந்தா தயங்காம சொல்லிடுங்க, வேற குடுக்கிறேன்."

இந்த வாசகம் அக்காவுக்கு மனப்பாடம். நேர்காணல் செய்பவர்களுக்கான குறிப்பில் அதை எழுதிச் சேர்த்தவரே அவர்தான். கேள்வி திரையில் விரிந்தது. அதுவும் அவர் எழுதியதுதான். ஆறு வருடத்துக்கு முன் கேள்வித் தொகுப்பில் போட்டது. அதில் எழுதியவர் பெயர் இருக்காது, கேள்வி எண் மட்டும் இருக்கும். எந்த இடத்தில் ஆள் தடுமாறுவார், எத்தனையாவது நிமிடத்தில் விடை வரவேண்டும், எல்லாம் அவருக்கு அத்துப்படி.

"புதுசுதானே மேடம்?"

சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் வேறு கேள்வி வரும், கை நடுங்கும். தெரிந்த விடையை அப்போதுதான் கண்டுபிடித்ததுபோல் நடிப்பவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அவர்கள் எங்குமே தடுமாறமாட்டார்கள், மாட்டிக்கொள்வதும் அதனால்தான். அப்படிப்பட்ட ஒருவரைக்கூட அவர் தேர்வு செய்ததில்லை.

"புதுசுதாம்மா" என்றார். குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. "நல்ல கேள்வியா இருக்கே. கொஞ்சம் யோசிக்கிறேன்."

விசைப்பலகைமேல் விரல்களை வைத்தார். இன்று கை நடுங்கவில்லை. முதல் வரியை வேண்டுமென்றே தப்பாக அடித்தார். மனதுக்குள் ஐந்து எண்ணினார். பிறகு, "அடடா" என்று நெற்றியில் தட்டிக்கொண்டார்.