அம்மாவின் முதுகுப் பக்கம் நின்றவள்

பேய், ஆவி என்று யாராவது கதையைத் தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். மாத்தளையில் ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. கண்ணாடித் தட்டில் தெரிவதை எழுதுவேன், தெரியாததை எழுத மாட்டேன், அவ்வளவுதான். அப்படிப்பட்ட நான் இதைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். வரட்டும், நடந்தது நடந்ததுதான்.

எனக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூட லீவில் அப்பா என்னையும் அம்மாவையும் வேனில் ஏற்றி, கலேவெலப் பக்கம் புதிதாகத் திறந்திருந்த தண்ணீர் விளையாட்டுப் பூங்காவுக்குக் கூட்டிப் போனார். நல்ல வெயில், நடுப்பகல். சறுக்குக் குழாயில் வழுக்கிக்கொண்டு வந்து குளத்தில் விழுவதுதான் அங்கே பெரிய விஷயம். அப்பா வேனில் இருந்த சோற்றுப் பார்சலை எடுக்கப் போயிருந்தார். அம்மா கேன்டீனில் தேத்தண்ணீர் வாங்க நின்றார். குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், அதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சறுக்கி விழுந்த இடத்தில் பெரிய ரப்பர் மிதவை ஒன்று கிடந்தது, மெத்தை மாதிரி. அதற்கு அடியில் போய்விட்டேன். மேலே பிள்ளைகள் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். கையால் தள்ளினேன், அசையவில்லை. வாய்க்குள் தண்ணீர் போனது, காது அடைத்தது. அதற்குப் பிறகு பயமே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் விளங்காத சங்கதி. திடீரென்று உள்ளங்கால் சுட்டது. பார்த்தால் சீமெந்துத் தரையில் நிற்கிறேன். முன்னால் அம்மாவின் முதுகு. பிளவுஸின் மேல் கொக்கி கழன்று கிடந்தது. அம்மா அது தெரியாமல் இத்தனை பேருக்கு நடுவில் நிற்கிறாரே என்று வெட்கமாக இருந்தது. நம்புங்கள், சாகக் கிடந்த நேரத்தில் நான் நினைத்தது அதைத்தான்.

இனி நடந்ததெல்லாம் அம்மா சொன்னது.

தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கேன்டீன்காரர்தான் முதலில் பார்த்திருக்கிறார். மகள் நனைந்து நடுங்குகிறாளே, துவாயால் துடைத்துவிடுங்கள் என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். அம்மா திரும்பினால் நான் நிற்கிறேன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

"அம்மா, முதுகுல கொக்கி கழண்டிருக்கு."

"சரி புள்ள, நீ தலையத் தொடை."

"அம்மா, நான் தண்ணிக்குள்ள இருக்கேன்."

அம்மா சிரிக்கத்தான் பார்த்தாராம். ஆனால் என் உதடு நீலமாக இருந்ததாம், பேசும்போது நெஞ்சு ஏறி இறங்கவில்லையாம். தேத்தண்ணீர்க் கோப்பையைப் போட்டுவிட்டு ஓடியவர், நீந்தத் தெரியாதவர், சேலையோடு குளத்தில் குதித்தார். நெஞ்சளவு தண்ணீர். வேறெங்கும் என்னைக் காணாமல் மிதவையைப் புரட்டித் தள்ளி, அடியில் கிடந்த என்னைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார். காவலுக்கு நின்ற பையன் நெஞ்சை அழுத்தி அழுத்தித் தண்ணீரை வெளியே எடுத்தான். மூச்சு வந்து நான் முதலில் சொன்ன வார்த்தை "கொக்கி". சுற்றி நின்றவர்கள் பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். அம்மா மட்டும் தன் முதுகைத் தடவி, கழன்று கிடந்த கொக்கியைத் தொட்டுப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மூளைக்குக் காற்றுப் போகாவிட்டால் என்னென்னவோ தோன்றும் என்று நானே பிறகு படித்தேன். சரி, எனக்குத் தோன்றியது. அம்மாவுக்கு ஏன் தோன்றியது? அந்தக் கேன்டீன்காரருக்கு? அவர் என்ன, தண்ணீருக்குள்ளா இருந்தார்?

வருடக்கணக்காக நான் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருந்தது. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவும் நானும் அடுப்படியில் போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது சும்மா கேட்டுவிட்டேன்.

"அம்மா, நீங்க குளத்துல குதிச்ச பொறகு, கேன்டீன்கிட்ட நின்ன அந்தப் புள்ள என்ன ஆச்சு? மறைஞ்சிட்டாளா?"

அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"மறையல."

"அப்படின்னா?"

"அங்கயேதான் நின்னா. ஒன்னத் தூக்கிக்கிட்டு வேனுக்கு ஓடுறப்ப பின்னாலயே வந்தா. வாசக் கேட் வரைக்கும் வந்தா. அப்பா வேன் கதவ சாத்துனப்போ அழுதா."

"நீங்க ஒன்னும் சொல்லலையா?"

"எப்பிடிச் சொல்றது? கூப்பிட்டா அவ வந்துருவா, நீ போயிருவியோன்னு பயந்துட்டேன். ரெண்டு பேரும் என் புள்ளதான. மூச்சு விடுற புள்ளயத்தான் மடியில வச்சிருந்தேன்."

அம்மா மறுபடி கத்தியைப் பிடித்தார். போஞ்சியை எடுத்து நறுக்கத் தொடங்கினார்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக நாங்கள் இருவரும் குருநாகல் பஸ்ஸில் அந்த வழியாகப் போனோம். பூங்கா இன்னும் இருக்கிறது, பெயர்ப்பலகைதான் வேறு. வாசலைத் தாண்டும்போது அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி நெடுநேரம் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன், என் கண்ணுக்கு ஒருவரும் தெரியவில்லை. பிறகு என் கையை எடுத்து, மணிக்கட்டில் விரலை வைத்து, நாடி அடிக்கிறதா என்று பார்த்தார். குருநாகல் வரும் வரை அந்தக் கையை விடவில்லை.