தார் ரோட்டால் வந்தவள்

எங்கள் தோட்டத்தில் யாராவது தார் ரோட்டில் நடந்து வந்தால், இடத்துக்குப் புதியவர் என்று நினைத்துக்கொள்வோம். ரோடு லொறிக்கும் பஸ்ஸுக்கும் தோட்டத் துரையின் ஜீப்புக்கும் போட்டது. மனிதருக்குக் குறுக்கு இருந்தது. ரோடு வளைந்து வளைந்து இறங்குகிற மலையை, தேயிலைச் செடிகளுக்கு நடுவே மண்ணில் வெட்டிய படிகளோடு நேராக இறங்கிவிடும் ஒற்றையடிப் பாதைக்குத்தான் குறுக்கு என்று பெயர். பஸ்ஸைத் தவறவிட்டவர் அதில் இறங்கி, கீழ் வளைவில் அதே பஸ்ஸை மறித்து ஏறுவார். கல்யாண ஊர்வலமும் அதில்தான் இறங்கும், கடைசி ஊர்வலமும் அதில்தான்.

அப்படிப்பட்ட இடத்தில் என் அக்கா மட்டும் விடியற்காலையில் தார் ரோட்டில் ஓடினாள்.

அவள் அப்போது பத்தாம் வகுப்பு, நான் நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார், நாங்கள் சேர் என்று கூப்பிடுகிறவர், யாழ்ப்பாணத்துக்காரர். "உமக்கு நல்ல மூச்சு இருக்கு. விடாமல் ஓடும்" என்று ஒருநாள் அவளிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பாவின் பழைய சுவெட்டரைப் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு, பனிக்குள் ஓட ஆரம்பித்தாள். முதல் பஸ்ஸின் சாரதி சிங்களவர். அவள் பஸ்ஸைப் பிடிக்கத்தான் ஓடுகிறாள் என்று நினைத்து, இரக்கப்பட்டு, தினமும் நிறுத்தினார். "நங்கி, நகின்ன!" தங்கச்சி, ஏறு என்பார். அக்கா தலையை ஆட்டிவிட்டு ஓடுவாள். பஸ்ஸிலிருந்து அத்தனை தலைகளும் வெளியே எட்டிப் பார்க்கும். பிறகு அவரும் விட்டுவிட்டு, ஹார்ன் மட்டும் அடித்துப் போனார்.

எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த பெண்கள் அவ்வளவு எளிதில் விடவில்லை. "ஏன்டி, இம்புட்டு வேகமா ஓடி எந்த மலையில கொழுந்து பறிக்கப் போற?" என்று, தண்ணீர் விழும் பீலிக்கரையில் குடத்தை வைத்துக்கொண்டே கேட்பார்கள். அக்கா சிரித்துக்கொண்டு போய்விடுவாள். எனக்குத்தான் அழுகை வரும். பெரியவர்கள் முன்னால் வாய் திறக்க எனக்கு அன்றும் வராது.

அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். செடியைத் தறிப்பதைவிடச் சுருக்கமாகப் பேச்சைத் தறிப்பார். பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கும்போது, "ஒம் மகள யாருப்பா தொரத்துறா?" என்று கூட நிற்பவர்கள் கேட்டுக் கேட்டு அவருக்கும் அலுத்திருக்க வேண்டும். சித்திரைப் புதுவருடத்துக்கு டவுன் கடைக்காரர்கள் சேர்ந்து பெண்பிள்ளைகளுக்கு ஓட்டப்போட்டி வைக்கிறார்கள் என்று அக்கா வந்து சொன்னபோது, அவர் சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"ஓடு. மூணுக்குள்ள வந்தா மேல ஓடலாம். வராட்டி இதோட விட்றணும். என்ன?"

"சரிப்பா" என்றாள் அக்கா.

முதல் மூன்று பேரை நுவரெலியாவில் நடக்கும் பெரிய போட்டிக்கு அனுப்புவார்களாம். நான் மறுநாளே என் வகுப்பு முழுவதற்கும், அக்கா நுவரெலியா போகப்போகிறாள் என்று சொல்லிவிட்டேன்.

அக்காவுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பை அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்டார். மாமா தன் வாழ்நாளில் ஓடியது ஒரே ஒரு தடவை, மலையில் குளவி கிளம்பியபோது. அந்த அனுபவம் போதும் என்று அவர் நினைத்தார். "பின்னால ஒரு குளவிக் கூடே வருதுன்னு நெனச்சுக்க. திரும்பிப் பாக்கக் கூடாது" என்று சொல்லிக்கொடுத்தார். பச்சை முட்டை குடிக்க வைத்தார். தேங்காய் எண்ணெயைக் காலில் தேய்க்கச் சொன்னார். அக்கா அதையும் சிரித்துக்கொண்டே செய்தாள்.

போட்டி மேல் டிவிசனில் தொடங்கி, எங்கள் தோட்டம் வழியாக இறங்கி, டவுன் மைதானத்தில் முடியும். அன்று எல்லாரும் குளித்து, புது உடுப்பு உடுத்தி, எங்கள் குறுக்கு தார் ரோட்டைத் தொடும் கீழ் வளைவில் நின்றோம். அப்பா மட்டும் வரவில்லை. விடுமுறை நாளிலும் தனக்கு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டார். மாமா மேளக்காரரையும் அழைத்து வந்திருந்தார். "புள்ளைக்கு நம்ம மேளம் கேக்கணும். கேட்டா கால் தானா வரும்" என்றார். அது உண்மையாகவே நடந்துவிட்டது.

முதலில் மேலே ரோட்டில் காலில் சப்பாத்துப் போட்ட ஓர் உயரமான சிங்களப் பிள்ளை வந்து, வளைவுக்குள் மறைந்தாள். அவளுக்குக் கொஞ்சம் பின்னால் எங்கள் அக்கா. "ரெண்டாவது! ரெண்டாவது!" என்று கத்தினோம். மேளம் முழங்கியது. அக்கா தலையை நிமிர்த்தினாள். பிறகு, லீவு நாட்களில் பத்து மணிக்கு, மலையில் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டு எப்படி வருவாளோ அப்படியே, ரோட்டை விட்டுத் திரும்பிக் குறுக்குக்குள் இறங்கினாள். படிப்படியாகத் தாவி, பாவாடையைத் தேயிலை உரச, எங்கள் நடுவில் வந்து குதித்தாள்.

அதில் பிழை இருப்பதாக அங்கே நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. நாங்கள் எல்லாரும் வருகிற வழியால்தான் அவளும் வந்தாள். முதலாவதாக வந்துவிட்டாள் என்று ஒருத்தி குலவைகூடப் போட்டாள்.

அக்கா ரோட்டின் நடுவில் நின்றுவிட்டாள். தன் காலைப் பார்த்தாள். மேலே பார்த்தாள். "ஐயோ" என்றாள்.

"ஏன்டி நிக்கிற? ஓடு!" என்று மாமா கத்தினார்.

"குறுக்கால எறங்கிட்டேன் மாமா."

"ஆமா, எல்லாரும் குறுக்காலதான எறங்குறோம்!"

"ரோட்டால வரணும்னு சொன்னாங்க மாமா. ரெண்டு பாஷையிலயும் சொன்னாங்க."

"அவங்க யாரும் இங்க இல்ல. இருக்கிறது பூரா நம்ம ஆளுக. ஓடுறியா, தள்ளிவிடவா?"

அக்கா திரும்பிக் குறுக்கில் ஏறத் தொடங்கினாள். யாருக்கும் எதுவும் புரியவில்லை. "இவளுக்குக் கிறுக்குத்தான் புடிச்சிருக்கு" என்றாள் குலவை போட்டவள். அம்மா மட்டும், "பாத்து ஏறு, படி வழுக்கும்" என்று கத்தினாள். அக்கா பாதி ஏறுவதற்குள் சப்பாத்துக்காரப் பிள்ளை வளைவைச் சுற்றி வந்து எங்களைக் கடந்து போனாள். பின்னால் இன்னொருத்தி. பிறகு கூட்டமாக மூச்சு வாங்கிக்கொண்டு பலர். அவர்களுக்கு மேளம் அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மேளக்காரர் மாமாவின் முகத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் குறுக்கின் உச்சியில் அப்பா நிற்பதைப் பார்த்தேன். வேலை என்று சொன்னவர் எவ்வளவு நேரமாக அங்கே நின்றாரோ. அக்கா அவரிடம் போய்ச் சேர்ந்தாள். அவர் அவளைப் பிடித்து நிறுத்தவில்லை. கையை நீட்டி, ரோட்டோரத்தில் அவள் குறுக்குக்குள் இறங்கிய இடத்தைக் காட்டினார். அக்கா அந்த இடத்தில் காலை வைத்தாள், ஓடினாள். அப்பா கோபத்தில் அவளைத் துரத்துகிறார் என்றுதான் கீழே இருந்து பார்த்த எனக்குத் தோன்றியது.

"போச்சு. மச்சானும் சேந்துக்கிட்டாரு" என்று மாமா தலையில் கை வைத்தார்.

அக்கா வளைவைச் சுற்றி வந்தபோது ரோட்டில் அவள் மட்டும்தான் இருந்தாள். முழங்காலில் செம்மண். எங்களைப் பார்க்கவே இல்லை. கண் முழுக்க ரோட்டிலேயே இருந்தது. மேளக்காரர் தன் பாட்டில் அடிக்கத் தொடங்கினார், மாமாவைக் கேட்காமல்.

நாங்கள் அடுத்தடுத்த குறுக்குகளில் இறங்கி, ஓடுகிறவர்களுக்கு முன்பே மைதானத்துக்குப் போய்விட்டோம். சப்பாத்துக்காரப் பிள்ளை முதலாவது. பிறகு இருவர். அதற்குப் பிறகு யார் வந்தாலும் எனக்கு ஒன்றுதான். அக்கா கடைசி நேரத்தில் பலரைத் தாண்டித்தான் வந்தாள். ஆனால் மூன்றுக்குள் இல்லை.

விளையாட்டு சேர் அவளிடம் வந்தார். "என்ன நடந்தது? மேல ரெண்டாவதா வந்தனீர் எண்டு சொல்லிச்சினம்?"

"குறுக்கால எறங்கிட்டேன் சேர். காலு என்னையக் கேக்காம எறங்கிருச்சு. திரும்ப ஏறிப் போயி ரோட்டால வந்தேன்."

"ஒருத்தனும் பாக்கல சேர்!" என்று மாமா ஆற்றாமையோடு இடையில் புகுந்தார். "சொல்லச் சொல்லக் கேக்காம ஏறுனா!"

சேர் அவள் முழங்காலில் ஒட்டியிருந்த செம்மண்ணைப் பார்த்தார். பிறகு, "சரி, தண்ணி குடியும்" என்று தன் போத்தலைக் கொடுத்தார். அவர் பெரிய ஆட்களிடம் போய்ப் பேசி, போட்டியை மறுபடி நடத்தச் சொல்வார் என்று காத்திருந்த எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

வீட்டுக்குப் போகும்போது அக்காவும் எங்களோடு குறுக்கால்தான் ஏறினாள். போட்டிதான் முடிந்துவிட்டதே. மாமா அவளோடு பேசாமல் முன்னால் நடந்தார். நான் பள்ளிக்கூடம் திறந்தால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நடந்தேன். அக்கா டவுன் கடையில் வாங்கிய பணிஸ் ரொட்டியில் ஒன்றை எனக்குத் தந்து, தானும் ஒன்று தின்றாள். வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் சுவெட்டரைத் துவைத்து, காயப் போட்டாள். "இனி இது அப்பாவுக்கே ஒதவும்" என்று அம்மாவிடம் சொன்னாள். அப்போதுதான் அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. அப்பா அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

லயத்தில் அவளுக்கு ரோட்டுக்காரி என்று பெயர் வைத்தார்கள். பல வருடங்கள் கழித்து அவள் கல்யாணத்தில் கூட ஒரு கிழவர், "ரோட்டுக்காரியா பொண்ணு?" என்று கேட்டார். கேட்ட விதத்தில் கேலி இல்லை. அது எப்போது போயிற்று என்று எனக்குத் தெரியாது.

போட்டிக்கு மறுநாள் விடியும் முன் அடுப்பு எரியும் சத்தம் கேட்டு விழித்தேன். அம்மா என் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். அடுப்பின் முன்னால் அப்பா. ஈரம் போகாத சுவெட்டரை நெருப்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு அக்காவிடம் வந்து, காலைத் தட்டினார்.

"எந்திரி. நேரமாகுது. ரோட்டுக்குப் போகல?"

அக்கா எழுந்து உட்கார்ந்து அவரையே பார்த்தாள். அவர் தேத்தண்ணியை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார். அவள் குடித்தாள், சுவெட்டரைப் போட்டாள், கதவைத் திறந்து பனிக்குள் போய்விட்டாள்.

நான் போர்வைக்குள் அசையாமல் கிடந்தேன். மூன்றுக்குள் வராவிட்டால் ஓடக்கூடாது என்று தான் சொன்னதை அப்பா மறந்துவிட்டார் என்பது எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அன்று பகலில் மாமாவைத் தனியாகப் பிடித்து, அப்பாவுக்கு ஞாபகப்படுத்திவிட வேண்டாம் என்று கெஞ்சினேன். மாமா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, சரி என்றார். நானும் யாரிடமும் மூச்சு விடவில்லை. அடுத்த வருடம் அக்கா நுவரெலியா போகும் வரைக்கும், அப்பா சாப்பிட உட்கார்ந்து பேச வாயெடுக்கும் போதெல்லாம், இப்போது நினைவு வந்துவிடுமோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.